மாதிரிக் கப்பலின் உராய்வை அளப்பது: இழுவைத் தொட்டியும் ஹைட்ரோபோனும்

இழுவைத் தொட்டி எனப்படும் நீண்ட நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பலை இழுத்து அளந்த விசையை அளவு விகிதத்தின் மும்மடியாலும் கடல்நீர்-நன்னீர் அடர்த்தி விகிதத்தாலும் பெருக்கினால் கப்பலின் எதிர்ப்பு வந்துவிடாது. கீழே வரும் எடுத்துக்காட்டில் அப்படிப் பெருக்கினால் 160 கிலோநியூட்டன் வரும். முறையாகக் கணக்கிட்டால் 120 தான். எஞ்சின் தேர்ந்தெடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பிசகு என்பது சின்ன விஷயமில்லை. இந்த வித்தியாசம் உராய்விலிருந்து வருகிறது. மாதிரியின் மேனியை ஒட்டி ஓடும் மெல்லிய நீர்ப்படலம், கப்பலின் மேல் ஓடும் படலத்தைப் போல நடந்துகொள்வதில்லை. எல்லைப் படலம் எனப்படும் இதைக் கட்டுக்குள் வைப்பதற்கே சோதனையின் வேலையில் பெரும்பங்கு போகிறது.

கப்பல் எழுப்பும் அலை, வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஒப்பிடும் ஃப்ரூட் எண்ணுக்குக் கட்டுப்பட்டது. உராய்வு, வேகத்தையும் நீளத்தையும் பெருக்கி நீரின் பாகுநிலையால் வகுத்த ரெனால்ட்ஸ் எண்ணுக்குக் கட்டுப்பட்டது. 25-இல் ஒரு பங்கு மாதிரியில் அலை ஒத்துவர வேண்டுமானால் கப்பலின் வேகத்தை 5-ஆல் வகுக்க வேண்டும். உராய்வு ஒத்துவர வேண்டுமானால் அதே வேகத்தை 25-ஆல் பெருக்க வேண்டும். 14 நாட் கப்பலின் மாதிரியை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் இழுக்க, தொட்டியின் மேல் ஓடும் எந்த இழுவை வண்டியாலும் (கேரியேஜ்) ஆகாது. எனவே அலைக்கேற்ற வேகத்தில் இழுத்து மொத்த விசையை அளக்கிறோம். உராய்வைக் கணக்கிட்டுக் கழிக்கிறோம். மிஞ்சியதை மட்டும் கப்பலுக்கு ஏற்றுகிறோம். பிறகு கப்பலுக்குரிய உராய்வைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்கிறோம்.

இந்தப் பிரிவினை பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் செய்தது. 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கியில் இயங்கத் தொடங்கிய தொட்டியில் 2 அடி முதல் 50 அடி வரை நீளமுள்ள பலகைகளை இழுத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் வார்னிஷ் பூசிய 2 அடிப் பலகைக்குச் சதுர அடிக்கு 0.41 பவுண்டு விசை, 50 அடிப் பலகைக்கு 0.25 பவுண்டு. பூச்சு அதே பூச்சு, வேகம் அதே வேகம்; நீளம் கூடினால் சதுர அடிக்கான உராய்வு குறைகிறது. பலகையின் பின்பகுதி, முன்பகுதி ஏற்கெனவே இழுத்துக்கொண்டு வந்த நீரில் ஓடுகிறது என்பதே காரணம். இன்று நாம் போடும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களின் வழிவந்தவை.

இழுக்கும் முன் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு நீர்மட்ட நீளம் 75 மீட்டர், அகலம் 13, டிராஃப்ட் (நீரில் மூழ்கும் ஆழம்) 4.5 மீட்டர் கொண்ட ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். நனையும் பரப்பு 1,160 சதுர மீட்டர். மாதிரி 25-இல் ஒரு பங்கு: நீளம் 3 மீட்டர், அகலம் 52 செமீ, டிராஃப்ட் 18 செமீ, நனையும் பரப்பு 1.856 சதுர மீட்டர், எடை ஏறத்தாழ 168 கிலோ. கப்பலின் 14 நாட், அதாவது விநாடிக்கு 7.202 மீட்டர், மாதிரிக்கு 1.44 மீட்டர் ஆகிறது. ஃப்ரூட் எண் இரண்டுக்கும் 0.266.

தொட்டி 80 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியின் நடுக்குறுக்குவெட்டு 0.09 சதுர மீட்டர், தொட்டியின் குறுக்குவெட்டு 8 சதுர மீட்டர். மாதிரி அடைப்பது 1.1 சதவீதம். இந்த அளவிலேயே சின்னத் திருத்தம் ஒன்று போட வேண்டும். 2 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரியைச் சிறிதாக்குவதே மேல். ஒதுங்க இடமில்லாத நீர் மாதிரியின் பக்கவாட்டில் வேகமாகப் பின்னோக்கி ஓடும். கேரியேஜ் காட்டும் வேகம் ஒன்று, மாதிரி உணரும் வேகம் வேறு என்றாகிவிடும். அதற்காக ரொம்பவும் சிறிதாக்கக் கூடாது. ரெனால்ட்ஸ் எண் இறங்கி வேறு தொல்லை வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

மாதிரி

ஃப்ரூட் பாரஃபின் மெழுகில் செய்தார். சென்னை வெயிலில் மெழுகு வளையும். ஃபைபர்கிளாஸ், நெருக்கமான பாலியூரித்தேன் நுரை, நன்றாக ஒட்டிய மரம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அகலத்திலும் டிராஃப்டிலும் பிழை 1 மிமீக்குள் இருக்க வேண்டும். மிதக்கும்போது எடைப் பிழை 0.2 சதவீதத்துக்குள், அதாவது 168 கிலோவில் 300 கிராமுக்குள். மர மாதிரி நீர் குடிக்கும். முதல் நாள் இரவே மிதக்கவிட்டு மறுநாள் எடை போடுங்கள். சோதனை முடிந்ததும் இன்னொரு முறை போடுங்கள்.

மேற்பரப்பை எவ்வளவு வழவழப்பாக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு மேடு சுவரையொட்டிய பாகுப்படலத்துக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை உராய்வு அதைக் கண்டுகொள்ளாது. 28 டிகிரி நீரில் 1.44 மீட்டர் வேகத்தில் அந்த வரம்பு சுமார் 75 மைக்ரான். 400 எண் வாட்டர் பேப்பரால் ஈரத்தேய்ப்புக் கொடுத்தால் அதற்கு வெகு கீழே வந்துவிடலாம். கண்ணாடிபோல் பாலிஷ் போடுவது வீண்வேலை. இதே கணக்கைக் கப்பலுக்குப் போட்டால் வரம்பு 28 மைக்ரான். புதிதாகப் பெயின்ட் அடித்த கப்பல் உடலுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சொரசொரப்பு 150 மைக்ரான். மாதிரி வழவழப்பானது, கப்பல் சொரசொரப்பானது என்ற இந்த முரண்பாட்டுக்கான கூட்டல் கடைசிக் கணக்கில் வரும்.

கொந்தளிப்பைத் தூண்டுதல்

சோதனை கெட்டுப்போகும் இடங்களில் முதலிடம் இதற்குத்தான். 75 மீட்டர் கப்பலில் எல்லைப் படலம் அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) ஒரு முழம் தாண்டுவதற்குள் கொந்தளிப்பாக மாறிவிடும். 3 மீட்டர் மாதிரியிலோ, விட்டால், முன்பகுதியின் கணிசமான நீளத்துக்கு வரிச்சீர் ஓட்டமாகவே, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும் ஓட்டமாகவே, நீடிக்கும். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முழு மாதிரியும் வரிச்சீராக இருந்தால் உராய்வுக் குணகம் (விசையை, அடர்த்தி, நனையும் பரப்பு, வேகத்தின் வர்க்கம் மூன்றின் பெருக்கலில் பாதியால் வகுத்த எண்) 0.001, முழுவதும் கொந்தளிப்பாக இருந்தால் 0.0041. நான்கு மடங்கு. பாதி அப்படி, பாதி இப்படி என்றால் எந்த எண் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே மாதிரியை மறுநாள் இழுத்தால் வேறு எண் வரும்.

அதனால் முன்முனையிலிருந்து நீளத்தின் 5 சதவீதத்தில், நமக்கு 150 மிமீ பின்னால், நீர்க்கோட்டிலிருந்து அடிக்கட்டைவரை ஒரு வரிசை உருளை ஸ்டட், அதாவது சிறு முளைகள், பதிக்கிறோம். விட்டம் 3.2 மிமீ, உயரம் 2.5 மிமீ, இடைவெளி 25 மிமீ. உயரம் ஏன் 2.5? விநாடிக்கு 0.65 மீட்டர் வேகத்தில் அந்த இடத்தில் வரிச்சீர் படலத்தின் தடிமன் 2.2 மிமீ வருகிறது. ஸ்டட் அதைக் கிழித்துக்கொண்டு சற்றே வெளியே நிற்கிறது. 1.44 மீட்டரில் படலம் 1.5 மிமீ ஆகச் சுருங்கிவிடுவதால் அங்கே கவலையில்லை. சில தொட்டிகளில் ஸ்டட்டுக்குப் பதிலாக 1 மிமீ கம்பி சுற்றுவார்கள், சிலர் மணல் பட்டை ஒட்டுவார்கள். கம்பி ஒட்டாமல் நடுவில் தூக்கிக்கொண்டால் அதன் அடியில் நீர் ஓடி அதிரும். ஸ்டட்டில் அந்த வம்பு கிடையாது. அணியத்தில் நீருக்கடியில் குமிழ் வடிவப் புடைப்பு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வரிசை வேண்டும். குமிழைத் தாண்டி வரும் ஓட்டம் முடுக்கத்தில் இருக்கும். முடுக்கத்தில் இருக்கும் ஓட்டம் மீண்டும் வரிச்சீராகத் திரும்பப் பார்க்கும்.

ஸ்டட்டுக்கும் எதிர்ப்பு உண்டே என்ற கேள்வி நியாயமானது. ஸ்டட்டுக்கு முன்னாலுள்ள 150 மிமீ வரிச்சீராக இருப்பதால் அங்கே உராய்வு கொஞ்சம் குறைகிறது. ஸ்டட்டின் எதிர்ப்பு ஏறத்தாழ அந்தக் குறைவை ஈடுகட்டும் என்ற கணிப்பில்தான் 5 சதவீதம் என்ற இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே ஸ்டட் நிறைய இருந்தால் நல்லது என்று இரண்டு மூன்று வரிசை வைத்துவிடாதீர்கள்.

நீர்

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வெப்பநிலையை டிராஃப்டின் பாதி ஆழத்தில், நமக்கு 9 செமீ கீழே, 0.1 டிகிரி துல்லியமாக எடுங்கள். தொட்டியின் இரண்டு முனையிலும் நடுவிலும் எடுப்பது நல்லது. கதவோரம் வெயில் படும் பகுதி சூடாக இருக்கும். 28 டிகிரி நன்னீரின் இயக்கப் பாகுநிலை விநாடிக்கு 0.8355 சதுர மில்லிமீட்டர்; 15 டிகிரியில் 1.139. நம் மாதிரிக்கு இந்த 13 டிகிரி வித்தியாசத்தில் உராய்வு 6 சதவீதம் மாறுகிறது. ஒரு டிகிரிக்குச் சராசரியாக 0.46 சதவீதம். ஐரோப்பியத் தொட்டி ஒன்றின் முடிவோடு உங்கள் எண் ஒத்துவரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரைத்தான்.

வெப்பநாட்டுத் தொட்டிக்கு இன்னொரு எதிரி பாசி. சில பாசிகள் நீண்ட மூலக்கூறுகளை நீரில் கசியவிடும். பாலிமர் கரைசலில் கொந்தளிப்பு உராய்வு குறைகிறது என்று 1948-இல் டாம்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியது இதே விளைவைத்தான். பத்து லட்சத்தில் சில பங்கு போதும். பிரிட்டனின் ஹாஸ்லார் தொட்டியில் 'ஐரிஸ்' என்ற கப்பலின் மாதிரியைத் தரமாதிரியாக வைத்துக்கொண்டு அவ்வப்போது இழுத்துப் பார்ப்பார்கள். அதன் எதிர்ப்பு இறங்கினால் கோளாறு நீரில் என்று பொருள். உங்களிடமும் ஒரு தரமாதிரி இருக்கட்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். வளையாத, நீர் குடிக்காத பழைய ஃபைபர்கிளாஸ் மாதிரி போதும். மாதம் ஒருமுறை ஒரே வேகத்தில் இழுத்துப் பதிவு செய்யுங்கள். குளோரின் போட வேண்டிய நாளை அது சொல்லும்.

மாட்டுதல்

மாதிரி மேலும் கீழும் அசையவும், முன்பின்னாகச் சாயவும் விடுதலையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகரவும் திரும்பவும் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் வழிகாட்டிக் கம்பிகள். இழுக்கும் புள்ளி மிதப்பு மையத்துக்கு நேராக, புரொப்பல்லர் தள்ளும் கோட்டின் உயரத்தில் இருக்கட்டும். மேலே வைத்து இழுத்தால் அணியம் அமிழும், கீழே வைத்தால் எழும்பும்.

எதிர்பார்க்கும் விசை 10 நியூட்டன் என்பதால் விசையை அளக்க 20 நியூட்டன் லோடு செல் சரியாக இருக்கும். ஆனால் 168 கிலோ மாதிரியை ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர் கூடும்படி முடுக்கினால் அதற்கு மட்டும் 34 நியூட்டன் வேண்டும். லோடு செல் போய்விடும். எனவே கிளாம்ப் கட்டாயம்: வேகம் எட்டும்வரை மாதிரியைக் கிளாம்ப் பிடித்திருக்க வேண்டும், வேகம் நிலைத்ததும் மெதுவாக விட வேண்டும், பிரேக் போடும் முன் மறுபடி பிடிக்க வேண்டும். சட்டென்று விட்டால் மாதிரி முன்பின்னாக ஊசலாடும். அந்த ஊசல் அடங்கவே பாதித் தொட்டி போய்விடும்.

அளவுதிருத்தத்துக்குக் கப்பி வழியே எடைக்கற்களைத் தொங்கவிட்டு 0.5, 1, 2, 5, 10 நியூட்டனில் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண் மாறினால் கப்பியில் உராய்வு. கிலோவை நியூட்டனாக்கும்போது 9.81 போடாதீர்கள், சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் 9.78. பழக்கதோஷத்தில் போடும் அந்த ஓர் எண் 0.3 சதவீதப் பிழையைக் கொண்டுவருகிறது.

ஓட்டங்கள்

முதல் ஓட்டத்தின் எண்ணைத் தூக்கி எறியுங்கள். அது நீரைக் கலக்கிவிடுவதற்கு மட்டும். முற்றிலும் அசைவற்ற நீரில் ஓடும் முதல் ஓட்டம் பின்னால் வருபவற்றோடு ஒத்துப்போகாது. அதன் பிறகு ஓட்டங்களுக்கிடையே 15 நிமிட இடைவெளி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு: விநாடிக்கு 5 மிமீ மிச்ச நீரோட்டம் இருந்தால் 1.44 மீட்டர் வேகத்தில் எதிர்ப்பில் 0.7 சதவீதம் பிழை, 0.65 மீட்டரில் 1.5 சதவீதம். நீர்மேல் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டு அது நகர்கிறதா என்று பார்ப்பது இன்றைக்கும் நல்ல சோதனைதான். வேகங்களை ஏறுவரிசையில் ஓட்டாமல் கலைத்து ஓட்டுங்கள். நீர் மெல்லச் சூடாவதும் மின்சாதனம் மெல்ல நகர்வதும் அப்போது வேகத்தின் விளைவுபோல வேடம் போட முடியாது.

1.44 மீட்டர் வேகத்தில் முடுக்கத்துக்கும் பிரேக்குக்கும் போக 30 விநாடி அளவு கிடைக்கும். விநாடிக்கு 100 முறை பதியுங்கள். வரைபடத்தில் மெதுவான அலைவு ஒன்று தெரிந்தால் அது மாதிரியின் குணமாக இருக்க வேண்டியதில்லை. 80 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் ஆழம் கொண்ட தொட்டியில் நீர் முன்னும் பின்னும் ஆடும் காலம் 32 விநாடி. நம் அளவு நேரத்தில் ஒரு முழு ஆட்டம்கூட முடியாது என்பதால் சராசரியில் முழுதாகக் கரையும் என்று நம்ப முடியாது. முடுக்கத்தைக் குறைப்பதும் காத்திருப்பதும் தவிர இதற்கு மருந்தில்லை.

வடிவக் காரணி

தட்டைப் பலகையின் உராய்வுக்கு 1957-இல் மாட்ரிட்டில் கூடிய சர்வதேச இழுவைத் தொட்டி மாநாடு ஏற்றுக்கொண்ட சூத்திரம்: ரெனால்ட்ஸ் எண்ணின் பத்தடிமான மடக்கையிலிருந்து 2-ஐக் கழி, அதை வர்க்கப்படுத்து, 0.075-ஐ அதனால் வகு. கப்பல் உடல் பலகையல்ல, வளைந்தது. நீர் அதைச் சுற்றி வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. பலகையின் உராய்வை எத்தனையால் பெருக்கினால் உடலின் பாகு எதிர்ப்பு வரும் என்பதே வடிவக் காரணி.

அதைக் கண்டுபிடிக்கக் கப்பல் பொறியியலாளர் புரொஹாஸ்கா சொன்ன வழி: ஃப்ரூட் எண் 0.12 முதல் 0.20 வரை, அலை எதிர்ப்பு சிறியதாக இருக்கும் மெதுவான வேகங்களில் இழுங்கள். மொத்தக் குணகத்தை உராய்வுக் குணகத்தால் வகுத்துச் செங்குத்து அச்சிலும், ஃப்ரூட் எண்ணின் நான்காம் மடியை உராய்வுக் குணகத்தால் வகுத்துக் கிடை அச்சிலும் போடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம் வடிவக் காரணி. நம் எடுத்துக்காட்டில் 0.12-இல் 1.188, 0.20-இல் 1.247 வந்தால் கோடு 1.18-இல் தொடும்.

சொல்வது எளிது. 0.12-இல் மாதிரியின் வேகம் 0.65 மீட்டர், மொத்த விசை 1.8 நியூட்டன் மட்டும், 0.01 நியூட்டன் பிசகினால் அரை சதவீதம் போய்விடும். 20 நியூட்டன் லோடு செல்லின் அடிமட்டத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். முடிந்தால் இந்த வேகங்களுக்கு 5 நியூட்டன் செல்லை மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் மூன்று முறை இழுங்கள்.

புள்ளிகள் நேர்கோட்டை விட்டு எந்தப் பக்கம் விலகுகின்றன என்பதில் நோயின் பெயர் எழுதியிருக்கும். மெதுவான பக்கத்துப் புள்ளிகள் கீழே தொங்கினால் வரிச்சீர் ஓட்டம், ஸ்டட் போதவில்லை. எல்லாம் ஒட்டுமொத்தமாக மேலே போனால் வெப்பநிலையோ நனையும் பரப்போ தவறு. வேகமான பக்கம் மேலே வளைந்தால் நீர்மட்டத்தை ஒட்டிய குமிழோ, நீரில் மூழ்கிய தட்டைப் பின்பக்கமோ காரணம். அப்படிப்பட்ட உடல்களுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம்.

கப்பலுக்கு ஏற்றுதல்

1.44 மீட்டர் வேகத்தில் 9.94 நியூட்டன் அளந்தோம் என்று கொள்வோம். மொத்தக் குணகம் 0.005182. மாதிரியின் ரெனால்ட்ஸ் எண் 51.7 லட்சம், சூத்திரப்படி உராய்வுக் குணகம் 0.003375. அதை 1.18-ஆல் பெருக்கினால் 0.003983. கழித்தால் அலைக்கு 0.0012.

15 டிகிரிக் கடல்நீரில் கப்பலின் ரெனால்ட்ஸ் எண் 45.5 கோடி, உராய்வுக் குணகம் 0.001692, மாதிரியினுடையதில் பாதி. அதை 1.18-ஆல் பெருக்கி 0.001997. அலைக்கு அதே 0.0012. சொரசொரப்புக்கு அதே மாநாட்டின் 1978-ஆம் ஆண்டு முறைப்படி 150 மைக்ரானை நீளத்தால் வகுத்து, கனமூலம் எடுத்து, 105-ஆல் பெருக்கி, 0.64-ஐக் கழித்து, ஆயிரத்தால் வகுத்தால் 0.00068. கூட்டினால் 0.00388; விசை 120 கிலோநியூட்டன். வேகத்தால் பெருக்கினால் இழுக்கும் திறன் 862 கிலோவாட். காற்றெதிர்ப்பு இதில் சேரவில்லை. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள முகப்புப் பரப்பை வைத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சொரசொரப்புக் கூட்டல் மட்டும் மொத்தத்தில் 17 சதவீதத்துக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். தொட்டியில் அரை சதவீதத்துக்காகப் போராடிவிட்டு இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவர்கள் நிறையப் பேர்.

காது வைத்துக் கேட்பது

ஸ்டட் வேலை செய்ததா என்பதை வரைபடத்தை வைத்து ஊகிப்பதைவிட நேரடியாகக் கேட்டுவிடலாம். கொந்தளிப்புப் படலம் சுவரின் மேல் அழுத்த அதிர்வுகளை உண்டாக்குகிறது. வரிச்சீர் படலம் ஏறத்தாழ மௌனம். 1.44 மீட்டர் வேகத்தில் கொந்தளிப்பின் அழுத்த அதிர்வு 8 பாஸ்கல் அளவுக்கு வரும். 1 மைக்ரோபாஸ்கல் அடிப்படையில் அது 138 டெசிபெல். காற்றில் பழகியவர்கள் இந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். காற்றில் அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல். அதிலேயே 26 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

அழுத்தத்தை மின்சிக்னலாக மாற்றும், முகம் 5 மிமீக்கு மிகாத பீசோ வில்லையை எபாக்சியில் பதித்து, மாதிரியின் தோலோடு சமமாக வையுங்கள். ஸ்டட்டிலிருந்து 300 மிமீ பின்னால் ஒன்று, அதற்கு நேர் பின்னால் 50 மிமீ தள்ளி இன்னொன்று. மேடு பள்ளம் 0.05 மிமீக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன 75 மைக்ரான் வரம்பு இங்கேயும் உண்டு. வில்லை துருத்திக்கொண்டிருந்தால் அதுவே ஒரு ஸ்டட் ஆகிவிடும். நீங்கள் கேட்பது அது கிளப்பும் சத்தம்.

மின்பக்கத்தில் இரண்டு சிக்கல்கள். 500 பிக்கோஃபாரட் வில்லையை 10 மெகாஓம் உள்ளீட்டோடு இணைத்தால் 32 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் அடிபட்டுப்போகும்; நமக்கு வேண்டிய சங்கதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 100 மெகாஓம் கொடுங்கள், வரம்பு 3 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கேபிளை 10 மீட்டர் இழுத்தால் சிக்னல் மூன்றில் ஒரு பங்காகும். முன்பெருக்கியை மாதிரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டட்டோடு ஒரு முறை, ஸ்டட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை பதிவெடுங்கள். ஸ்டட் இல்லாத பதிவில் அமைதியும், இடையிடையே வெடிப்பதுபோல் குட்டிக் குட்டிச் சலசலப்பும் தெரிந்தால் ஓட்டம் மாறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கிறது. ஸ்டட் போட்ட பிறகும் அதே வெடிப்புகள் தொடர்ந்தால் அந்த வேகத்துப் புள்ளியைப் புரொஹாஸ்கா வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு வில்லை எதற்கு? கேரியேஜின் சக்கரச் சத்தம், மோட்டார், மாதிரியின் அதிர்வு எல்லாம் வில்லையில் பதியும். கொந்தளிப்புச் சுழல்கள் ஓட்ட வேகத்தின் 0.7 மடங்கில், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கின்றன. 50 மிமீ கடக்க அவற்றுக்கு 50 மில்லிவிநாடி. ஒலி நீரில் விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடுகிறது. அதற்கு 33 மைக்ரோவிநாடி போதும். இரண்டு பதிவுகளையும் நகர்த்தி ஒப்பிட்டால் உச்சம் 50 மில்லிவிநாடியில் நிற்கிறதா, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 20 ஹெர்ட்ஸ் அருகே இது நன்றாகத் தெரியும். 100 ஹெர்ட்ஸில் சுழல் 50 மிமீ போவதற்குள் கலைந்துவிடும். அங்கே இரண்டு வில்லைக்கும் ஒத்திசைவு இருந்தால் அது சுழலல்ல, கேரியேஜ்தான். தோலில் ஒரு முடுக்கமானியையும் ஒட்டிவையுங்கள். அதிர்வும் பூஜ்யத் தாமதத்தில்தான் வரும், ஒலியிலிருந்து அதைப் பிரிக்க வேறு வழியில்லை. 200 ஹெர்ட்ஸுக்கு மேலே 5 மிமீ முகம் சுழல்களைச் சராசரியாக்கி மழுக்கிவிடும். அந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம்.

அளவுதிருத்தம் இதே தொட்டியில் ஓரளவு செய்யலாம். ஒலிவீசியையும், உணர்திறன் தெரிந்த ஹைட்ரோபோனையும் (நீருக்கடியில் ஒலி கேட்கும் மைக்) 1.25 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் தொங்கவிடுங்கள். மேற்பரப்பிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலிக்கு 1.1 மில்லிவிநாடி பின்னால் வரும். துடிப்பு அதற்குள் முடிய வேண்டும். ஐந்தாறு அலையாவது வேண்டும் என்பதால் 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த முறை செல்லாது. பிறகு ஹைட்ரோபோன் இருந்த இடத்தில் உங்கள் வில்லையை வைத்து ஒப்பிடுங்கள். கீழ் அதிர்வெண்களுக்கு வில்லையை நீர்க்குழாய் ஒன்றில் வைத்து, குழாயைத் தெரிந்த வீச்சில் மேலும் கீழும் ஆட்டித் திருத்துவதே வழி.

புதிதாக நிரப்பிய நீரில் குமிழ்கள் இருக்கும். ஒரு நாளாவது விடுங்கள். 1 மிமீ ஆரமுள்ள குமிழ் 3.26 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். ஹைட்ரோபோனில் நாலைந்து ஒட்டியிருந்தால் அளவுதிருத்த வளைவில் காரணமில்லாத குழிகள் விழும். நீரில் இறக்கும் முன் நீர்த்த சோப்புக் கரைசலால் துடைத்துவிட்டால் குமிழ் ஒட்டாது. ஆனால் சோப்புத் தண்ணீரை வாளியில் வைத்துத் துடையுங்கள், தொட்டியில் கொட்டாதீர்கள்.

புரொப்பல்லர் சத்தத்தையும் இங்கேயே அளந்துவிடலாமே என்று கேட்பார்கள். முடியாது. மாதிரியை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கினோம்; தொட்டியின் மேலுள்ள காற்றழுத்தத்தைச் சுருக்கவில்லை. கப்பலில், அழுத்தம் குறையும் இடத்தில் நீர் ஆவியாகி உண்டாகும் ஆவிக்குழிகளால் இரைச்சலிடும் புரொப்பல்லர் இங்கே சாதுவாகச் சுற்றும். அதற்கு அழுத்தத்தை இறக்கக்கூடிய குழிவாதல் சுரங்கம் வேண்டும். சார்லஸ் பார்சன்ஸ் 1895-இல் கட்டிய சின்னச் சுரங்கம் அந்த வகையில் முதலாவது.